62,000 ஓடிய கீழக்கரை வண்டியா, 1,78,000 ஓடிய காரைக்குடி வண்டியா?

கேள்வி: அண்ணே, மண்டபத்தில் கருவாடு வியாபாரம் செய்கிறேன். அம்மாவை வாரம் ஒரு தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் அலைந்து அலுத்துவிட்டது. பழைய ஸ்விஃப்ட் டிசையர் டீசல் ஒன்று வாங்கலாம் என்று இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கீழக்கரையில், 2015 மாடல், சிங்கிள் ஓனர். அவர் துபாயில் இருக்கிறார். மீட்டரில் 62,000. பில் ஒன்றும் இல்லை. 4,40,000 கேட்கிறார்கள். இன்னொன்று காரைக்குடியில், 2014 மாடல், மெடிக்கல் ரெப் ஒருவர் ஓட்டியது. 1,78,000 ஓடியிருக்கிறது. ஒரு ஃபைல் நிறைய பில் வைத்திருக்கிறார். கிளட்ச் மாற்றியது, டர்போ மாற்றியது எல்லாம் அதில் இருக்கிறது. விலை 3,50,000. வீட்டில் எல்லோரும் ஓட்டம் குறைந்த வண்டியைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். டர்போ போன வண்டி என்றால் எனக்கும் பயமாக இருக்கிறது. போட்டோக்கள் அனுப்பியிருக்கிறேன். எதை எடுக்க? – பெயர் வேண்டாம், மண்டபம்.

பதில்:

தம்பி, உங்கள் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழக்கரை வண்டியின் கிளட்ச் பெடல் ரப்பர் புத்தம் புதிதாக இருக்கிறது. பிரேக் பெடல் ரப்பரும் அப்படித்தான். ஸ்டியரிங்கில் புது உறை, சீட்டில் புது உறை. 62,000 மட்டுமே ஓடிய வண்டிக்குப் பெடல் ரப்பரை எதற்கு மாற்றினார்கள்? சொந்தக்காரரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். "சும்மா மாத்தினோம்" என்று பதில் வந்தால் ஜாக்கிரதையாகுங்கள்.

மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஓனர் வெளிநாட்டில் இருந்தால் பத்து வருடத்தில் 62,000 நடக்கக்கூடியதுதான். கீழக்கரையில் அப்படி நிறைய வண்டிகள் உண்டு. வருடத்துக்கு ஒன்றரை மாதம் லீவில் வரும்போது ஓடும், மீதி நாள் ஷெட்டில் தூங்கும். ஆனால் மீட்டர் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அந்த வண்டி நல்ல வண்டி என்று ஆகிவிடாது. உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்கு முதலில் இதைத்தான் விளக்கிச் சொல்ல வேண்டும்.

டீசல் இன்ஜினுக்கு ஓட்டத்தைவிட நின்றுகிடப்பதுதான் கெடுதல். டேங்கில் பாதி டீசலோடு பத்து மாதம் நின்றால் உள்ளே ஈரம் சேர்ந்து தண்ணீர் அடியில் இறங்கும். இந்த இன்ஜினில் இன்ஜெக்டருக்கு, அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகத்துக்குப் போகும் டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேலே போகும். டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம்தான், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவ்வளவு அழுத்தத்தில், முடியைவிட மெல்லிய இடைவெளியில் வேலை செய்யும் பாகத்துக்குள் தண்ணீரும் துருவும் போனால் இன்ஜெக்டர் நிலைக்காது. போதாததற்கு ஆயில் சீல்கள் காய்ந்துவிடும், பிரேக் டிஸ்க்கில் துரு படரும், பேட்டரி செத்துப்போகும், வயரை எலி கடித்துவிடும். லீவில் வந்தவர் ஓட்டுவதும் பள்ளிவாசல் வரை, கடைத்தெரு வரைதான். இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவார். அந்த ஓட்டத்தில், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி அப்பிக்கொள்ளும்.

காரைக்குடி வண்டியின் 1,78,000 வேறு வகை ஓட்டம். மெடிக்கல் ரெப் என்றால் காலையில் கிளம்பினால் புதுக்கோட்டை, தேவகோட்டை, மானாமதுரை என்று ஹைவேயில் டாப் கியரில் போகிற வண்டி. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர் என்று வைத்தால், ஏறத்தாழ ஆயிரம் தடவை மதுரை–ராமேஸ்வரம் போன கணக்குதான் அது. இன்ஜினுக்கு அதுபோல சுகமான வேலை வேறு இல்லை. கிலோமீட்டருக்குள் சிக்காத ஓட்டமும் ஒன்று இருக்கிறது, டாக்சிக்காரர்களிடம் பார்க்கலாம். ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு பயணிகள் திரும்புகிறவரை டிரைவர் ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருப்பார். மணிக்கணக்காக இன்ஜின் ஓடும், மீட்டர் ஒரு புள்ளியும் நகராது. அதனால் எந்த வண்டியாக இருந்தாலும் ஆர்சியில் முன்பு மஞ்சள் போர்டாக இருந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தை நம்பி நானே ஏமாந்திருக்கிறேன். வருடங்களுக்கு முன் வெளியூர் புரோக்கர் ஒருவரிடம் 41,000 ஓடியது என்று ஒரு டீசல் வண்டி வாங்கினேன். மெக்கானிக்காக இருந்தும், விலை குறைவு என்ற சந்தோஷத்தில் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யக் கழற்றினேன். ஃபில்டரின் ஓரத்தில் கறுப்பு மார்க்கரில் யாரோ எழுதியிருந்தது: 1,32,400. முன்பு வேலை பார்த்த ஏதோ ஒரு மெக்கானிக், எப்போது மாற்றினோம் என்று தெரிய எழுதி வைத்திருக்கிறார். நானும் அப்படி எழுதுகிறவன்தான். மீட்டரைத் திருப்பியவனுக்கு அந்த மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. நீங்கள் பார்க்கப் போகும்போது ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் ஃபில்டரின் மேலும் பாருங்கள்.

டயரையும் விடாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்த டயர். கீழக்கரை வண்டியில் 2015 டயரே இருந்தால் ஓட்டம் உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பத்து வருடம் தாண்டிய டயரில் அம்மாவை உட்காரவைத்து ஹைவேயில் போகக் கூடாது, ஐந்தையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள். டயர் ஏற்கெனவே இரண்டு செட் மாறியிருந்தால் 62,000 கணக்கு இடிக்கிறது.

சரி, பில்லுக்கு வருவோம். ஃபைல் தடியாக இருப்பது மட்டும் பெருமை இல்லை. மூன்று தடவை ஒரே நோய்க்கு வைத்தியம் பார்த்த பில்லும் அதில் இருக்கலாம். தொகையை விட்டுவிட்டு தேதியையும் கிலோமீட்டரையும் மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பத்தாயிரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாறியிருக்கிறதா? இந்த வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின். மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனி வண்டிகளில் வந்ததால் எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும், வேலை தெரிந்த ஆளும் கிடைப்பான். ஆனால் ஆயில் கொள்வது மூன்று லிட்டர் சொச்சம்தான். அதை நேரத்துக்கு மாற்றாமல் இழுத்தடித்தால், வால்வுகளை நேரத்துக்குத் திறக்கவைக்கும் டைமிங் செயின் தளரும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவும் அடிபடும். 70,000-த்தில் ஆயில் மாற்றிய பில் இருந்து, அடுத்தது 95,000-த்தில் இருந்தால் நடுவே என்ன ஆயிற்று என்று கேளுங்கள். "பில் தொலைஞ்சுபோச்சு" என்பதும் ஒரு பதில்தான். ஆனால் ஒரு தடவைக்கு மேல் தொலையக் கூடாது.

கிளட்ச், பிரேக், ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், பேட்டரி இதெல்லாம் தேய்கிற பொருள். மாற்றியிருந்தால் நல்லது, அந்தச் செலவை முந்தைய ஓனர் ஏற்றுக்கொண்டுவிட்டார். கீழக்கரை வண்டியில் அதெல்லாம் இனிமேல்தான், உங்கள் பணத்தில். பயப்பட வேண்டியது வேறு வரிசைக்கு: முதலில் ரேடியேட்டர், நான்கு மாதம் கழித்து தெர்மோஸ்டாட், அப்புறம் ஹெட் கேஸ்கெட். அப்படி மூன்று பில் அடுத்தடுத்து இருந்தால் வண்டி சூடாகி நின்றிருக்கிறது என்று அர்த்தம். அதை வாங்கவே வேண்டாம்.

டர்போ பில்லைப் பற்றித்தான் உங்களுக்குக் கவலை. டர்போ மாறியது குற்றம் இல்லை, ஏன் போனது என்பதுதான் கேள்வி. ஆயில் போகாமல் காய்ந்து போயிருந்தால், அதே ஆயிலை நம்பியிருக்கும் இன்ஜின் பேரிங்குகளும் அடிபட்டிருக்கும். அதனால் அந்த பில்லில் டர்போவோடு சேர்த்து வேறு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டர்போவுக்குப் போகும் ஆயில் பைப் மாற்றியோ சுத்தம் செய்தோ இருக்க வேண்டும். அன்றைக்கே புது ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் போட்டிருக்க வேண்டும். இதெல்லாம் இருந்தால் வேலை தெரிந்தவன் செய்திருக்கிறான். வெறும் "டர்போ 1" என்று மட்டும் இருந்தால், பில் போட்ட ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு போன் போடுங்கள். பழைய பைப்பில் கரி அடைத்திருந்தால் புது டர்போவும் சீக்கிரம் விசில் அடிக்க ஆரம்பிக்கும். மாற்றிய பிறகு இருபதாயிரம், முப்பதாயிரம் நன்றாக ஓடியிருக்கிறது என்றால் பயத்தை விடுங்கள்.

ஓட்டம், பில் இரண்டையும்விட நம் கரையில் முக்கியமான மூன்றாவது ஒன்று இருக்கிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கருவாடு காயவைக்கிறவருக்கு உப்பைப் பற்றித் தெரியும். மண்டபத்தில் வாடைக் காலத்தில் வடகடல் சாரல், சோழகக் காற்றில் தென்கடல் சாரல். பாம்பன் ரயில் பாலத்தில் 1914-லிருந்து துருவோடுதான் மல்லுக்கட்டினார்கள். வண்டியின் அடித்தகரமும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. கீழக்கரை வண்டி பத்து வருடம் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றிருக்கிறது. அதுவும் ஓடாமல், ஒரே இடத்தில். ஓடுகிற வண்டியாவது மழையில் கழுவப்படும். ஷெட்டில் நிற்கிற வண்டியில் படிந்த உப்பு படிந்ததுதான்.

போன மாசி மாதம் இதே போல ஒரு வண்டியைப் பார்க்க ஒருவர் என்னைக் கூட்டிப்போனார். மேலே கண்ணாடி போல பாலிஷ். நான் சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் படுத்தேன். கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கிற இடம் இருக்கிறதல்லவா, அங்கே ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனேன். முன்பக்கம் டங், டங் என்றது. பின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் வந்ததும் பொத் என்றது. நுனியால் லேசாக அழுத்தினேன், ரவை மாதிரி துரு என் முகத்தில் கொட்டியது. அதன்மேல் அழகாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பின் ஆக்சிலுக்குப் போகும் பிரேக் பைப்பைத் தொட்டால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அந்த வண்டியின் ஓட்டம் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு, மீட்டரும் பொய் இல்லை. வாங்க வந்தவருக்கு முகம் வாடிவிட்டது. டீ கூட வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

ஆகவே இரண்டு வண்டியையும் சர்வீஸ் பிட்டிலோ ராம்ப்பிலோ ஏற்றி அடியைப் பாருங்கள். பிரேக் பைப், டீசல் பைப், ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், சைலன்சர் ஜாயின்ட். முன்னால் ஏசி கண்டென்சரின் தகடுகளை விரலால் தடவினால் பொடியாக உதிர்கிறதா? வயர் சாக்கெட்டுகளில் பச்சை பூத்திருக்கிறதா? அடியில் புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால், அடித்தது எதை மறைக்க என்று யோசியுங்கள்.

இன்ஜினைப் பார்க்கிற நாளில் காலை ஆறு மணிக்கே போய் நில்லுங்கள், முன்கூட்டிச் சொல்லாமல். முதலில் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் சுற்றில் பிடிக்க வேண்டும். பிடித்ததும் கலகலவென்று சங்கிலிச் சத்தம் வந்து நீடித்தால் டைமிங் செயின் வேலை காத்திருக்கிறது. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ சரியில்லை, கூலன்ட் உள்ளே இறங்குவதாகவும் இருக்கலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு கணம் கறுப்பாக வந்து நின்றால் இந்த வயசுக்கு அது பரவாயில்லை. ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி அதன் மேலேயே தளர்வாக வையுங்கள். மூடி லேசாக ஆடினால் சரி. புகையோடு தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கூலன்ட் மூடியை மட்டும் சூட்டில் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

இன்ஜெக்டரை நம்பி வாங்கக் கூடாது, சோதித்து வாங்க வேண்டும். இன்ஜெக்டர்களிலிருந்து மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி நான்கு சின்ன பாட்டிலில் விட்டு, சில நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். நான்கு பாட்டிலிலும் டீசல் மட்டம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வழிந்தால் அந்த இன்ஜெக்டர் கசிகிறது. டீசல் பம்ப் வேலை தெரிந்த கடையில் அரை மணி நேர வேலை. நான்கையும் மாற்ற வேண்டிவந்தால் நீங்கள் மிச்சம் பிடித்த பணமெல்லாம் அங்கேயே போய்விடும் என்பதால், இந்த அரை மணி நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரும் போடச் சொல்லுங்கள். சில வண்டிகளில் மீட்டரைத் திருப்பியிருந்தாலும் உள்ளே வேறொரு இடத்தில் பழைய கிலோமீட்டர் பதிவாகி நிற்கும்.

ஓட்டிப் பார்க்க நமக்குப் பாம்பன் பாலம் இருக்கிறது. நடுவில் ஏறுகிற இடத்தில் நான்காவது கியரில் போய் நன்றாக மிதியுங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இந்த இன்ஜின் சோம்பலாகத்தான் இருக்கும். அது அதன் பிறவிக்குணம், அதற்காக வண்டியைக் குறை சொல்லாதீர்கள். பாலத்தில் செல்பி எடுக்க நிற்பவர்களைப் பார்த்து ஓட்டுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் விட்டுவிடக் கூடாது. 2023 டிசம்பரில் தூத்துக்குடிப் பக்கம் வண்டிகள் மூழ்கின. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்திலேயே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உறையைக் கழுவி மாற்றுகிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள், சேற்றுக் கோடு அங்கே இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் தடவுங்கள். இன்சூரன்ஸ் பேப்பரில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். வருடக்கணக்காகக் கிளெய்ம் இல்லாத வண்டிக்கு அது 50 வரை ஏறியிருக்கும். பூஜ்யமாக இருந்தால் முந்தைய பாலிசி காலத்தில் கிளெய்ம் வாங்கியிருக்கலாம், அல்லது இன்சூரன்ஸ் நாள் கணக்கில் விட்டுப்போயிருக்கலாம். இரண்டில் எது என்று கேளுங்கள்.

பேப்பர் வேலை உங்களுக்குத் தெரியாததில்லை. ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அதை நீக்க பேங்க் கடிதமும் ஃபாரம் 35-ம், பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுதிக்கொடுங்கள். 2014 வண்டியின் ஆர்சி 15 வருடக் கணக்கில் 2029 வரைதான், அப்புறம் எஃப்சி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இது ஒன்றில் மட்டும் கீழக்கரை வண்டிக்கு ஒரு வருடம் லாபம். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டதால் அதற்குப் பிந்தைய டிசையர் டீசல் கிடைக்கவும் போவதில்லை.

நான் வாங்குவதாக இருந்தால் காரைக்குடி வண்டி. அடி சுத்தமாக இருந்து, பாட்டில் சோதனையில் தேறி, டர்போ பில்லுக்குச் சரியான விளக்கம் கிடைத்தால் 3,20,000-லிருந்து பேசுங்கள். கையில் 40,000 தனியாக வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பழைய வண்டியும் முதல் ஆறு மாதத்தில் ஏதாவது கேட்கும். கீழக்கரைக்காரர் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு உங்களோடு வந்து, வண்டி நம்பரைச் சொல்லி பழைய பதிவுகளை எடுத்துக் கொடுத்தால், அடித்தகரமும் டங் என்று சொன்னால், நான் என் பேச்சை மாற்றிக்கொள்ளத் தயார். ஆனால் 4,40,000-க்கு இல்லை. இரண்டுமே தேறாவிட்டால் இன்னும் இரண்டு மாதம் பஸ்ஸில் போங்கள்.

வாங்கிய பிறகு வாரம் ஒரு தடவை அடியில் நல்ல தண்ணீர் அடியுங்கள். நம் ஊர் போர் தண்ணீரால் கழுவினால் உப்பை உப்பால் கழுவுகிற கதைதான். ரேடியேட்டரிலும் அந்தத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று. கடைசியாக விலை பேசுமுன் அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து உச்சிப்புளி வரை ஒரு நடை போய் வாருங்கள். ஸ்பீடு பிரேக்கரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார் என்றால், ஃபைலில் பின் ஷாக் அப்சார்பர் எப்போது மாற்றினார்கள் என்று தேடுங்கள். பில் இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.